படுத்தபடி வந்த முனியப்பன்

1

நம் ஊர்த் திருவிழா மலரில் இந்த முறை ‘கடல் கடந்த நம்மவர்’ என்று ஒரு பகுதி போடுகிறார்களாம். கனடாவிலிருந்து ஒருவர் பனியைப் பற்றி எழுதிக் கொடுத்துவிட்டார். சிங்கப்பூரிலிருந்து ஒருவர் சுத்தத்தைப் பற்றி. இன்னும் சில பக்கம் காலியாக இருக்கிறது என்று மலர் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார்.

“நான் இருக்கறது மைசூருங்க. நடுவுல கடலே கெடையாது. திம்பம் மலைதான் இருக்குது” என்றேன்.

“பரவால்லீங்க செல்வம். கட்டுரைக்கு மேல ஒரு படகுப் படம் போட்டுட்டா யாரும் கேக்கமாட்டாங்க.”

ஆகவே, சங்ககிரி லாரிப் பட்டறைகளுக்கு நடுவே பிறந்து, காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு வந்து சேர்ந்துவிடக்கூடிய தூரத்தில் புலம்பெயர்ந்து தவிக்கும் நான், இதை எழுதுகிறேன். சிரிக்க வேண்டாம். வெளிநாட்டுக்குரிய துன்பம் எல்லாம் இங்கே உண்டு. பனிதான் கிடையாது. அதற்குப் பதில் அரண்மனை இருக்கிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் காட்ட வேண்டும். சித்தப்பா வந்தால் அரண்மனை, சித்தப்பாவின் சகலை வந்தால் அரண்மனை. நான் அதைப் பார்த்த அளவுக்கு அதில் குடியிருந்த ராஜாக்கள் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம்.

2

முதலில் நம்பர் பிளேட் கதை. வந்த புதிதில் என் லாரி தமிழ்நாட்டு நம்பரில் ஓடியது. காவிரியில் தண்ணீர் குறைந்தால் போதும், நான் வண்டியை நஞ்சன்கூடு ரோட்டு லாரி ஸ்டாண்டில் சந்தில் ஒளித்துவிட்டு, அக்ரஹாரத்து வாடகை வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, மழை வருமா என்று டி.வி. பார்ப்பேன். விவசாயிகூட அவ்வளவு ஆவலாக மழைச் செய்தி கேட்டிருக்க மாட்டார்.

சலித்துப்போய் கர்நாடக நம்பருக்கு மாற்றினேன். இதற்கு அந்த மாநில ஆபீசில் ‘எங்களுக்கு ஆட்சேபணை இல்லை’ என்று ஒரு தாள் வாங்க வேண்டும். இந்த மாநில ஆபீசில் ‘அவர்களுக்கு ஆட்சேபணை இல்லை என்பது உண்மைதானா’ என்று விசாரித்து இன்னொரு தாள். இரண்டு ஆபீசுக்கும் நடுவில் நான் அலைந்த தூரத்துக்கு லோடு ஏற்றியிருந்தால் இன்னொரு வண்டியே வாங்கியிருக்கலாம். கவுன்ட்டரில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கன்னடத்தில் கேட்பேன். உள்ளே இருப்பவர் நிதானமாகத் தமிழில் பதில் சொல்வார். என் கன்னடம் அவ்வளவு தரமானது.

எல்லாம் மாற்றி முடித்த வருஷமே மறுபடி தண்ணீர்த் தகராறு. இந்தத் தடவை சத்தியமங்கலத்தில் மறித்தார்கள்.

“கன்னடக்காரன் வண்டிடா, நிறுத்து!”

“அண்ணா, நான் சங்ககிரிங்கண்ணா!”

“மாட்டிக்கிட்டா எல்லாரும் அப்பிடித்தான் சொல்றாங்க.”

பிறகு கொஞ்ச நாள் இரண்டு பக்கமும் போகாமல் மைசூருக்குள்ளேயே செங்கல் லோடு அடித்தேன்.

3

என்னுடையது பக்கப் பலகை இல்லாத வண்டி. பிளாட்பெட் என்பார்கள். வெறும் மேடைக்கு அடியில் சக்கரம் வைத்தது போல இருக்கும். நெல்லும் பருப்பும் ஏற்றுகிறவன் நாலு பக்கமும் சுவர் இருக்கிற தைரியத்தில் தூங்குவான். நான் இரும்புக் குழாய், கல் பலகை, மிஷின் என்று எதை ஏற்றினாலும் அதைப் பிடித்து வைத்திருப்பது நான் போட்ட செயினும் பெல்ட்டும்தான். அது அவிழ்ந்தால் பின்னால் வருகிற ஸ்கூட்டர்காரருக்கு விடிந்துவிடும்.

அதனால் ஏற்றக் கூடாத லோடு என்று மனசுக்குப் பட்டால் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவேன். இதைக் கேட்டு என்னைப் பெரிய தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள். நான் கலப்படமில்லாத பயந்தாங்கொள்ளி. லாரி ஸ்டாண்டில் எனக்கு ‘எட்டிப்பார்த்தான்’ என்று பட்டப்பெயர். புறப்பட்டுக் கொஞ்ச தூரம் போனதும் வண்டியை ஓரம் கட்டி, இறங்கி, ஒவ்வொரு பெல்ட்டையும் முஷ்டியால் ஒரு குத்துக் குத்திப் பார்ப்பேன். டங்கென்று கேட்க வேண்டும். தொளதொளவென்றால் மறுபடி இறுக்க வேண்டும். இந்தக் குத்து கையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. தேவராஜா மார்க்கெட்டில் வாழைத்தார் வாங்கினால்கூட ஸ்கூட்டரில் பெல்ட் போட்டு, குத்திப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன். என் மகள் திவ்யா பக்கத்தில் இருந்தால் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொள்வாள். “அய்யோ, பேடப்பா, எல்லாரும் நோடுத்தாரே!” என்பாள். வேண்டாம், எல்லோரும் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். அவள் மைசூரில் பிறந்தவள். சிரிப்பது, கோபிப்பது, தூக்கத்தில் உளறுவது எல்லாம் கன்னடத்தில். என்னிடம் காரியம் ஆக வேண்டும் என்றால்தான் தமிழ் வரும்.

4

அந்தத் திவ்யாவுக்கு இந்த வருஷம் ஒரு வரன் கூடி வந்தது. பையன் பெயர் நவீன். நஞ்சன்கூடு பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. ஊர், ஹனூர் தாலூக்கா கௌதள்ளி. மலை மாதேஸ்வரம் போகிற வழியில் இருக்கிறது. அங்கே பாதிப் பேர் நம் மாதிரிதான் பேசுவார்கள். பெண் பார்க்க வந்த நவீனின் அப்பா மாதப்பன், “வாங்க, உக்காருங்க, தண்ணி குடிங்க” என்று எங்கள் வீட்டில் எங்களையே உபசரித்தபோது, எனக்குச் சொந்த ஊருக்கே திரும்பி வந்ததுபோல் இருந்தது. இதற்கு முன்பு ஒருவரையொருவர் தெரியாது என்று திவ்யாவும் நவீனும் சத்தியம் செய்தார்கள். நாங்களும் நம்புவதாகச் சத்தியம் செய்தோம்.

தாம்பூலம் மாற்ற நாள் குறிக்கும்போது மாதப்பன் ஒன்று சொன்னார். ஊரில் முனியப்பன் கோயில் கட்டி முடிகிறது, கமிட்டித் தலைவர் அவர்தான். சாமி சிலை மைசூரில் தயாராகிறது. சிலை ஊர் வந்து சேரட்டும், அடுத்த வாரமே தாம்பூலம். சொல்லிவிட்டு என் தோளில் கை போட்டார்.

“வெளிய எதுக்கு வண்டி தேடோணும்? சம்பந்தி வண்டி இருக்குதல்ல?”

அதுவரை நான் ‘டிரைவருங்க’. வண்டி தேவைப்பட்ட நிமிஷத்தில் சம்பந்தி ஆனேன். எனக்கும் குளிர்ந்துபோய்விட்டது. என்ன உயரம், என்ன எடை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சரிங்க என்று தலையாட்டிவிட்டேன்.

5

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஊருக்கு வெளியே இருந்த சிற்பக் கூடத்துக்கு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். மாதப்பன் வீட்டாரும் கோயில் கமிட்டியும் முன்னாடியே ஒரு வேனில் வந்திருந்தார்கள். சாமி காரியம், சம்பந்தி வீட்டுக் காரியம் என்பதால் என் மனைவி சாந்தியும் திவ்யாவும் பட்டுப்புடவையில் ஆட்டோவில் வந்தார்கள். அவர்களை இறக்கி அழைத்துக்கொண்டு உள்ளே வருவதற்குள் கிரேன்காரர் சிலையை வண்டியில் ஏற்றிவிட்டார்.

முனியப்பனை நான் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். கருங்கல். ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு. மூன்று டன்னுக்குக் குறையாது. ஓங்கிய கையில் வீச்சரிவாள், முறுக்கிய மீசை, உருட்டிய கண். மேலே அவ்வளவு கனமும், கீழே கணுக்கால் மெலிந்து, ஒரு சின்னப் பீடமும். கழுத்தில் ரோஜா மாலை. வெறும் வண்டி மேடையின் நடுவே, எதிலும் ஒட்டாமல், ரோட்டைப் பார்த்தபடி நின்றார்.

“எப்பிடி இருக்குதுங்க சம்பந்தி?” என்றார் மாதப்பன்.

“அருமையா இருக்குதுங்க. எறக்கிப்புடலாமுங்களா?”

அவர் நான் தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். தமாஷ் பண்ணுகிறவனுக்கு இதுதான் கஷ்டம். நிஜமாகப் பயந்தாலும் சிரிக்கிறார்கள்.

“இல்லீங்க, நின்னுக்கிட்டு வர முடியாதுங்க. ஹனூர் தாண்டினா எத்தனை திருப்பம்னு உங்களுக்கே தெரியும். மல்லாக்கப் படுக்க வெச்சு, சுத்திக் கட்டை அடிச்சு, செயின் போடோணும்.”

சிரிப்பு நின்றது. கமிட்டிக்காரர்கள் அப்படியே என்னைப் பார்த்தார்கள்.

“படுக்க வெச்சா?” என்றார் மாதப்பன். “பொணத்தயா கொண்டுட்டுப் போறோம்? கொள்ளேகால்ல இருந்து ஊரு வரைக்கும் சாமி நின்னுக்கிட்டு வர்றாருன்னு பேனர் கட்டியிருக்குது!”

கட்டியிருந்தார்கள். போனில் காட்டினார். கன்னட எழுத்தில் பெரிய பேனர். அதில் ஒரு லாரிமேல் முனியப்பன் நிற்கிறார். அவர் பக்கத்தில் மாதப்பன் கும்பிட்டபடி நிற்கிறார். இரண்டு பேரில் மாதப்பன்தான் உயரம்.

“அது போகட்டும்” என்றார் அவர். “செயினுன்னு சொன்னீங்களே, சாமியக் கட்டறது யாரு வேலை தெரியுமுங்களா? மந்திரவாதி வேலை! காவல் சாமியவே கட்டிக் கொண்டாந்து எறக்கினா, அப்புறம் ஊர யாரு காப்பாத்துவாங்க?”

இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். நான் சிரிக்கவில்லை. அந்தப் பக்கத்து ஊர்களில் மழை பொய்த்தாலும் மாடு செத்தாலும் யாரோ சாமியைக் கட்டிவிட்டார்கள் என்றுதான் முதலில் பேசுவார்கள். நான் இன்றைக்குச் செயின் போட்டு, அடுத்த மாதம் யாராவது வீட்டில் ஒரு கன்றுக்குட்டி நொண்டினால், விரல் என் பக்கம் நீளும். நான் மைசூருக்கு வந்துவிடுவேன். அந்த ஊரில் மருமகளாக உட்கார்ந்திருக்கப் போவது என் பெண்.

“ஒண்ணும் பயப்படாதீங்க, நாங்க புடிச்சுக்கறோம்” என்று ஒருவர் வண்டிமேல் ஏறினார். அவரைப் பார்த்து இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் கமிட்டியே மேலே இருந்தது. முனியப்பனின் இடுப்பை ஒருவர், முழங்காலை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கடைசியாக அப்பா கண்ணைக் காட்ட, நவீனும் ஏறிப் பீடத்துக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்தான்.

நான் சாவியைச் சட்டைப் பையில் போட்டேன்.

6

டீக்கடை பக்கத்தில் இல்லாததால் ஒரு புங்க மரத்தடிக்குப் போய் நின்றேன். நெஞ்சை நிமிர்த்தி நிற்பது போல மரத்தில் சாய்ந்துகொண்டேன்.

சாந்தி வந்தாள். “மெதுவா ஓட்டிக் கொண்டுபோய் விட்டுட்டு வந்துருங்களேன். சம்பந்தம் முறிஞ்சு போனா நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வெளிய போறது?”

திவ்யாவும் வந்தாள். தமிழில் பேசினாள். அதிலேயே காரியம் பெரிது என்று தெரிந்தது.

“அப்பா, ப்ளீஸ்ப்பா. இன்னிக்கு ஒரு நாள் மட்டும். எனக்காக ஓட்டுப்பா. அவங்கப்பா ரொம்ப கோவமா இருக்காரு. நீ நிதானமா போனா ஒண்ணும் ஆகாதுல்ல?”

என்னிடம் அவள் ‘எனக்காக’ என்று கேட்டு நான் மறுத்தது கிடையாது. ஸ்கூட்டர் வாங்கித் தந்ததே அப்படித்தான். சட்டைப் பைக்குள் கை போய்விட்டது. சாவியைத் தொட்டும்விட்டேன்.

“சரி, ஒரு நாய் குறுக்க வருது. நான் பிரேக் அடிக்கிறேன். வண்டி நிக்குது. முனியப்பன் நிப்பாரா?” என்றேன்.

“ஊஹும்.”

“எந்தப் பக்கம் விழுவாரு?”

அவள் திரும்பி வண்டியைப் பார்த்தாள். முன்பக்கம். அங்கே நவீன் சப்பணம் போட்டு, தலைக்கு மேல் ஓங்கிய அரிவாள் நிழலில் உட்கார்ந்து, எங்களைப் பார்த்துச் சங்கடமாகக் கையசைத்தான்.

திவ்யா பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு நடந்தாள்.

“நவீன், இளி கெளகே.”

கீழே இறங்கு. அவ்வளவுதான் சொன்னாள். சத்தம்கூடப் போடவில்லை. அவன் அப்பாவைப் பார்த்தான், இவளைப் பார்த்தான், நிமிர்ந்து அரிவாளைப் பார்த்தான். இறங்கிவிட்டான்.

“ஏன்டா! இன்னும் தாம்பூலமே மாத்தல, அதுக்குள்ளயேவா?” என்று மாதப்பன் கத்தினார்.

“அப்பா, நெஜமாலுமே ஆடுதுப்பா. வண்டி நிக்கறப்பவே ஆடுது” என்றான் நவீன்.

முழங்காலைப் பிடித்திருந்தவர் மெல்லக் கையை எடுத்துக்கொண்டார். இடுப்பைப் பிடித்திருந்தவர் ஒன்றுக்குப் போக வேண்டும் என்றார். ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஆனாலும் மாதப்பன் அசைவதாக இல்லை. வேறு வண்டி பார்த்துக்கொள்வதாகவும், மற்றதையும் யோசித்துக்கொள்வதாகவும் சொன்னார். ‘மற்றது’ என்று அவர் சொன்னபோது சாந்தி என்னைப் பார்த்த பார்வையில் புங்க மரமே வாடியிருக்க வேண்டும்.

7

எங்களைக் காப்பாற்றியவர் மாதப்பனின் சம்சாரம் ரங்கம்மா. வேனில் உட்கார்ந்து எல்லோருக்கும் புளிச்சோற்றை இலையில் மடித்துக்கொண்டிருந்தவர், கையைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தார்.

“ஏனுங்க, குடமுழுக்குக்கு முன்னால சாமிய நெல்லுல படுக்க வெச்சே ஆகோணும்னு பூசாரி சொன்னாருல்ல?”

“ஆமா, அதுக்கு என்ன இப்ப?”

“அங்க போய்ப் படுக்க வெக்கறத இங்கயே படுக்க வெச்சா என்ன? நெல்லு மேல படுத்துட்டு வரட்டும். நம்ம சாமி தூங்கிக்கிட்டு ஊருக்கு வர்றாருன்னு சொன்னா யாரு கேக்கப் போறாங்க?”

கூடத்தில் இருந்த சிற்பிகள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். புதுச் சிலையைத் தண்ணீரிலும் தானியத்திலும் கிடத்திய பிறகுதான் கண் திறப்பு. அதுவரைக்கும் அது பாதிச் சாமிதான். பூசாரிக்குப் போன் போட்டார்கள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, தாராளமாகச் செய்யலாம், ஆனால் இந்த யோசனை தன்னுடையது என்று ஊரில் சொல்ல வேண்டும் என்றார். ரங்கம்மா பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார்.

செயினுக்கும் வழி பிறந்தது. மாதப்பன் கேட்டார், நான் சொன்னேன். சாமிமேல் ஒரு நூல்கூடப் படாது. முதலில் நெல் மூட்டை பரப்பி, அதன்மேல் சாமி. சுற்றிலும் கனமான மரச்சட்டம். சட்டத்துக்கும் சாமிக்கும் நடுவில் இடம் தெரியாமல் மூட்டை. செயின் பிடிப்பது சட்டத்தை. மேலே போகிற பெல்ட் அமுக்குவது சாமிமேல் அடுக்கிய மூட்டையை. “மூட்டையக் கட்டினா ஊருக்கு ஒண்ணும் ஆகாதல்லீங்க?” என்று கேட்டேன். அவர் நெல் வாங்க ஆள் அனுப்பினார்.

கிரேன் மறுபடி வந்தது. தச்சர்கள் சட்டம் அடித்தார்கள். எல்லாம் முடிந்தபோது முனியப்பன் மல்லாந்து, வானத்தைப் பார்த்து அரிவாளை ஓங்கியபடி, மூட்டைகளுக்கு நடுவில் சுகமாகப் படுத்திருந்தார். நான் பெல்ட்டைக் குத்தினேன். டங்கென்றது.

8

நெல் மூட்டைக்கு ஒரு குணம் உண்டு. வண்டி குலுங்கக் குலுங்க நெல் அடங்கி இறங்கும். பெல்ட் தளரும். ஆகவே டி. நரசிபுரம் வருவதற்குள்ளேயே பல தடவை நிறுத்தி இறுக்கினேன். பின்னால் வேனில் வந்த கமிட்டி ஹாரன் அடித்தே ஓய்ந்துபோனது.

“மறுபடியும் எதுக்குங்க நிறுத்தறீங்க?” என்று ஜன்னலில் எட்டிப் பார்த்தார் மாதப்பன்.

“சாமி போர்வை விலகிப்போச்சுங்க.”

கொள்ளேகாலில் தமட்டை அடித்து வரவேற்க வந்தவர்கள் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து சாமியைத் தேடினார்கள். தலைக்கு மேலே பேனரில் அவர் நின்றுகொண்டிருந்தார். கீழே வண்டியில் மீசை மட்டும் தெரிந்தது. ஒருவர் சாக்கு மூட்டைமேல் கற்பூரம் ஏற்றப் போனார். ஓடிப்போய்த் தடுத்தேன். அன்றைக்கு நான் வேண்டாம் என்று சொல்லாத விஷயம் புளிச்சோறு ஒன்றுதான்.

ஹனூர் தாண்டி ஏற்றமும் இறக்கமும் திருப்பமும் வந்தன. கதை என்றால் இந்த இடத்தில் ஒரு யானை குறுக்கே வர வேண்டும், நான் பிரேக் அடிக்க வேண்டும், சாமி அசையாமல் கிடக்க, மாதப்பன் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விட வேண்டும். நானும் ஒவ்வொரு திருப்பத்திலும் அந்த யானையை எதிர்பார்த்தேன். ஒரு ஆடுகூட வரவில்லை. வெயில் இருக்கும்போதே கௌதள்ளி போய்ச் சேர்ந்தோம். மீசை நுனிகூட உடையாமல் முனியப்பன் இறங்கினார்.

மாதப்பன் சிலையைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்:

“பாத்தீங்களா? ஒண்ணுமே ஆவல! நின்னுக்கிட்டு வந்திருந்தாலும் இப்பிடித்தான் வந்து சேந்திருப்பாரு. சும்மா இத்தன ரகளை!”

நான் செயினைச் சுருட்டினேன். லோடை ஒழுங்காகக் கட்டுகிறவனுக்குக் கிடைக்கிற பரிசு இதுதான். ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகாததால், ஒன்றும் ஆகியிருக்காது என்று எல்லோருக்கும் நிரூபணமாகிவிடும். உடைந்திருந்தால் என்னை உதைத்திருப்பார்கள். உடையாததால் கேலி செய்தார்கள். கணக்குப் பார்த்தால் லாபம்தான்.

9

தாம்பூலம் மாற்றுவார்களா என்று அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் யாரும் வாய் திறந்து பேசவில்லை. சாந்தி பாத்திரங்களைப் பேசவிட்டாள். திவ்யா போனும் கையுமாக மாடிக்குப் போவாள், வருவாள். என்னம்மா சொல்றாங்க என்று கேட்டால், “கொத்தில்லப்பா” என்பாள். தெரியாதாம்.

குறித்த நாளில் வந்தார்கள். மாதப்பன், ரங்கம்மா, நவீன், ஒரு வேன் நிறைய உறவு. தட்டு மாற்றுவதற்கு முன் மாதப்பன் சபைக்கு என்னை அறிமுகம் செய்தார்.

“இவருதான் எங்க சம்பந்தி. வண்டி ஓட்டறவருல இப்பிடி ஒரு பயந்தாங்கொள்ளிய நான் பாத்ததே இல்ல. முனியப்பனையே தொட்டில் கட்டித் தூங்க வெச்சுக் கொண்டாந்தாருன்னா பாத்துக்கங்க!”

சபை விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். அதில் ‘சம்பந்தி’ என்ற வார்த்தை இருந்ததால், எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.

தட்டைக் கொடுக்கும்போது அவர் முகம் என் காதுக்குப் பக்கத்தில் வந்தது. குரல் இறங்கியது.

“கல்யாணத்துக்கு ஊருல இருந்து சனங்க டிராக்டர் பொட்டியில வர்றதா இருந்தாங்க. எங்க பக்கம் எப்பவும் அப்பிடித்தான்.”

“ஆமாங்களா” என்றேன். வாயை மூடிக்கொண்டிரு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

“பஸ்ஸுக்குச் சொல்லிட்டனுங்க. ரெண்டு பஸ்ஸு.”

நான் அவரைப் பார்த்தேன். அவர் தட்டில் இருந்த வெற்றிலையைப் பார்த்தார்.

“நம்ம பேச்சு நமக்குள்ளயே இருக்கட்டும். டிரைவரு பேச்சக் கேட்டு ஆடறான்னு ஊருல சொல்லுவாங்க. யாருகிட்டயும் சொல்லிப்புடாதீங்க.”

சொல்ல மாட்டேன் என்று தட்டின்மேல் கை வைத்துச் சத்தியம் செய்தேன். சொல்லவும் இல்லை. எழுதித்தான் இருக்கிறேன். இந்த மலர் எப்படியாவது கௌதள்ளிக்குப் போய்ச் சேர்ந்தாலும் எனக்குப் பயமில்லை. அந்த வீட்டில் எல்லோரும் வாய் நிறையத் தமிழ் பேசுவார்கள், ஆனால் படித்தது எல்லாம் கன்னடப் பள்ளிக்கூடத்தில். தமிழ் எழுத்து தெரிந்தவர்கள் ஒருவரும் கிடையாது. வருகிற தை மாதம் அங்கே புதிதாக ஒருத்தி போகிறாள். நல்ல பெண்தான், என் மகள். அவளுக்கும் இதைப் படிக்கத் தெரியாது.